1902ஆம் வருடச் சட்டத்தின் 4ஆம் பிரிவு: ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளும் குடியேறி வந்த நாமும்

காவிரிக்கரை (மெல்போர்ன்):

ஆஸ்திரேலியாவில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் விசா, பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு), பாயின்ட் கணக்கு என்று மணிக்கணக்கில் பேசுவோம். பூர்வகுடிகள் பற்றிப் பேச்சு வந்தால் "பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம். குடியேற்றம் வேறு, பூர்வகுடி உரிமை வேறு என்று பிரித்துப் பார்த்தே பழகிவிட்டோம். இரண்டையும் ஒரே கைதான் எழுதியது என்பதற்கு ஒரு சட்டப் பிரிவை இங்கே வைக்கிறேன்.

1901 ஜனவரி 1 அன்று ஆறு காலனிகள் சேர்ந்து ஒரே நாடானது. அந்த வருடம் முடிவதற்குள் புது நாடாளுமன்றம் போட்ட சட்டங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். மற்றது பசிபிக் தீவுத் தொழிலாளர் சட்டம். 1863 முதல் குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆசை காட்டியும் கடத்தியும் கொண்டுவந்த தீவுக்காரர்களைத் திருப்பி அனுப்புவதற்காகப் போட்டது அது. மறு வருடம் வந்தது வாக்குரிமைச் சட்டம். நாடு முழுக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை தந்த சட்டம் என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அதன் 4ஆம் பிரிவைப் பாருங்கள்: ஆஸ்திரேலியா, ஆசியா, ஆப்பிரிக்கா, நியூசிலாந்து தவிர்த்த பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் பூர்வீகக் குடிகள் யாருடைய பெயரும் வாக்காளர் பட்டியலில் ஏறக்கூடாது, அரசியல் சாசனத்தின் 41ஆவது பிரிவு (மாநில ஓட்டு உள்ளவருக்குத் தேசிய ஓட்டைத் தடுக்கக்கூடாது என்பது) அவருக்கு உரிமை தந்திருந்தால் ஒழிய.

அந்த மண்ணிலேயே 60,000 வருடங்களுக்கு மேலாக வாழ்ந்தவர்களையும், கப்பலேறி வந்த இந்தியரையும் சீனரையும் ஒரே வாக்கியத்தில் வெளியே தள்ளிவிட்டார்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளை மட்டும் விட்டுவைத்ததற்கும் காரணம் உண்டு. நியூசிலாந்து என்றாவது இந்தக் கூட்டமைப்பில் சேரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அங்கே மாவோரிகள் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனி நம் ஊர் சம்பந்தம். 1922இல் இந்திய அரசின் சார்பில் ஒருவர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றுப்பயணம் வந்தார். அவர் கும்பகோணம் பக்கத்து வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. ஆங்கிலப் பேச்சுக்காகவே லண்டன் வரை பெயர் வாங்கியவர். யார் வரலாம், யார் வரக்கூடாது என்று முடிவுசெய்யும் அதிகாரம் அந்தந்த நாட்டுக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் பேசினார். ஏற்கெனவே குடியிருக்கும் சுமார் இரண்டாயிரம் இந்தியருக்கு, பிரிட்டிஷ் மன்னரின் பிரஜைகள் என்ற முறையில், ஓட்டுரிமை வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. 1924இல் மெல்போர்னில் மிட்டா புல்லோஷ் என்ற இந்தியர் வழக்குப் போட்டார். விக்டோரியா மாநிலப் பட்டியலில் தன் பெயர் இருப்பதால் 41ஆவது பிரிவுப்படி தேசியப் பட்டியலிலும் சேர்க்க வேண்டும் என்று வாதாடி ஜெயித்தார். மேல்முறையீட்டுக்குக் கிளம்பிய அரசு, அதைக் கைவிட்டு 1925இல் சட்டத்தையே திருத்தியது. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு ஓட்டு கிடைத்தது.

அதே வாக்கியத்தில் முதல் பெயராக நின்ற ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் எல்லோருக்கும் தேசிய ஓட்டுரிமை வந்தது 1962இல். நடுவில் 37 வருடங்கள். சாஸ்திரியையோ புல்லோஷையோ நான் குறை சொல்லவில்லை. அவரவர் ஆட்களுக்காகப் பேசினார்கள். ஆனால் அந்தப் பிரிவிலிருந்து நாம் முதலில் வெளியேறியதும், வெளியேற நமக்கு உதவியது பேரரசின் பிரஜை என்ற அடையாளம்தான் என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? இதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

சட்டநூல் (சென்னை):

அருமையான தொடக்கம். 1901 குடியேற்றச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிலும் நம் கதை இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் "வெள்ளையர் அல்லாதவர் வரக்கூடாது" என்று எங்கும் எழுதவில்லை. இந்தியாவும் ஜப்பானும் மனம் நோகக்கூடாது என்று லண்டன் கவலைப்பட்டது. அதனால் ஒரு தேர்வை வைத்தார்கள். அதிகாரி ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களை வாசிப்பார், வந்திறங்கியவர் அதைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்று முடிவுசெய்வது அதிகாரி. ஒருவருக்கு நல்ல ஆங்கிலம் தெரியும் என்று பட்டால் வேறு மொழியில் வைக்கலாம். 1909க்குப் பிறகு ஒருவர்கூடத் தேறவில்லை. தேறாமல் இருப்பதற்காகவே வைத்த தேர்வு அது.

இந்த யோசனை ஆஸ்திரேலியாவில் பிறந்ததும் அல்ல. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனி 1897இல் போட்ட சட்டத்திலிருந்து எடுத்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் ஆயிரக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். கூலிகள் வருவதில் அங்கிருந்த வெள்ளையருக்கு ஆட்சேபம் இல்லை. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்து கடை வைத்த இந்தியரைத்தான் தடுக்க நினைத்தார்கள். அதற்குத்தான் ஐரோப்பிய மொழித் தேர்வு. அதே வருடம் லண்டனில் நடந்த காலனி மாநாட்டில், இந்த வழியைப் பின்பற்றுங்கள் என்று காலனிகளுக்கான அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் ஆஸ்திரேலியக் காலனிகளின் முதல்வர்களிடம் எடுத்துச் சொன்னார். நம்மைத் தடுக்கக் கண்டுபிடித்த பூட்டு கடல் தாண்டி இன்னொரு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தத் தேர்வு எந்த அளவுக்குப் போனது என்பதற்கு 1934இல் நடந்ததைச் சொல்லலாம். எகோன் கிஷ் என்ற செக் எழுத்தாளர் நாஜிகளுக்கு எதிராகப் பேச வந்தார். பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர். இறங்க விடாததால் மெல்போர்னில் கப்பலிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டார். சிட்னியில் அவருக்கு ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். இந்தச் சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழி அது அல்ல என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் உச்சம்) தீர்ப்பளித்தது. தேர்வு ஒழிந்தது 1958இல்.

பாரமட்டா வாசி:

எல்லாம் படித்தேன். மனதில் பட்டதை நேராகச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் வந்தது ஐடி வேலைக்கு. பரீட்சை எழுதி, கடன் வாங்கி, விசாவுக்கு வருடக்கணக்கில் காத்திருந்து வந்தேன். வரி கட்டுகிறேன். யாருடைய நிலத்தையும் பிடுங்கவில்லை. 1788இல் பதினொரு கப்பலில் வந்து இறங்கியவன் என் தாத்தா அல்ல. அவன் பேரன்கள்தான் என் தாத்தாவையும் உள்ளே விடவில்லை. அப்படியிருக்க இந்தக் கணக்கில் என் பெயரை எதற்கு எழுதுகிறீர்கள்? 1967இல் வாக்கெடுப்பு வைத்துப் பூர்வகுடிகளுக்கு ஓட்டும் குடியுரிமையும் கொடுத்தாயிற்று. 2008இல் பிரதமர் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்பும் கேட்டார். அதற்கு மேலும் வந்தேறிகளான நாம் குற்றவுணர்ச்சியோடு நடக்க வேண்டும் என்றால் எனக்கு ஒப்பவில்லை.

தென்கரை அம்மா (அடிலெய்டு):

தம்பி, குற்றவுணர்ச்சி யாரும் கேட்கவில்லை. ஆனால் 1967 பற்றிச் சொன்னது சரியல்ல. பள்ளியில் பிள்ளைகளுக்கே இப்படித்தான் மனதில் பதிந்திருக்கிறது, அதனால் விளக்கமாக எழுதுகிறேன்.

தேசிய ஓட்டுரிமை 1962. அதற்கு முன்பு 1949இல் படையில் பணியாற்றியவர்களுக்கும், மாநில ஓட்டு உள்ளவர்களுக்கும் மட்டும் கிடைத்தது. குவீன்ஸ்லாந்தில் மாநில ஓட்டு 1965 வரை இல்லை. 1967 மே 27 வாக்கெடுப்பு மாற்றியது அரசியல் சாசனத்தின் இரண்டு இடங்களை. ஒன்று 127ஆவது பிரிவு: நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக்கூடாது என்றது. அதை நீக்கினார்கள். மற்றது 51ஆவது பிரிவின் 26ஆம் உட்பிரிவு. எந்த ஓர் இனத்தவருக்கும் தனிச் சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, "பூர்வகுடி இனம் தவிர" என்று இருந்தது. அந்த "தவிர" போனது. 90 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு.

சரி, அந்த "இனத்தவர்" அதிகாரத்தை முதலில் யாரை நினைத்து எழுதினார்கள்? பூர்வகுடிகளை மாநிலங்கள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். 1890களில் சாசனம் எழுத உட்கார்ந்தவர்கள் சீனரையும், இந்தியரையும், கரும்புத் தோட்டத் தீவுக்காரரையும் கட்டுப்படுத்தத்தான் இதைச் சேர்த்தார்கள். நம்மைக் குறிவைத்து எழுதிய உட்பிரிவு 1967இல் பூர்வகுடிகளுக்கும் நீண்டது. அந்த அதிகாரம் அவர்களுக்கு நன்மை செய்ய மட்டும்தானா, தீமை செய்யவும் பயன்படுமா என்று பிறகு நீதிமன்றம் வரை போய் அடித்துக்கொண்டார்கள். காவிரிக்கரை சொன்ன "ஒரே கை" இதுவும்தான்.

எங்கள் தென் ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொன்று. இங்கே 1894இல் பெண்களுக்கு ஓட்டு வந்தபோது பூர்வகுடிப் பெண்களை விலக்கவில்லை. முர்ரே ஆறு கடலில் சேரும் பக்கத்தில் ராக்கன் என்ற ஊர், அப்போது பாயின்ட் மெக்லே மிஷன் என்பார்கள். அங்கிருந்த நாரின்ஜெரி மக்கள் ஆணும் பெண்ணுமாக 1896 தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். லண்டனில் பணக்கார வீட்டுப் பெண்ணுக்குக்கூட நாடாளுமன்ற ஓட்டு இல்லாத காலம் அது. ஆக 1902 சட்டம் சிலருக்குக் கொடுக்காமல் விட்டது மட்டும் அல்ல, கையில் இருந்ததையும் எடுத்தது. 41ஆவது பிரிவைக் குறுக்கிப் பொருள் சொல்லி, 1902க்கு முன்பே மாநிலப் பட்டியலில் இருந்தவருக்கு மட்டும்தான் என்று அதிகாரிகள் முடிவுகட்டினார்கள். பிள்ளைகள் வளர்ந்து இருபத்தொரு வயது ஆகும்போது அவர்களுக்கு ஓட்டு இல்லை. பெற்றவள் ஓட்டுப் போட்டவள், பிள்ளைக்கு இல்லை.

பெர்த் பாலை:

மேற்கு ஆஸ்திரேலியாக்காரி நான். அம்மா எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே 1905இல் ஒரு சட்டம். தலைமைப் பாதுகாவலர் என்று ஒரு பதவி. மாநிலத்தில் பதினாறு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு பூர்வகுடிக் குழந்தைக்கும் சட்டப்படி காப்பாளர் அவர்தான், தாய் அல்ல. 1915 முதல் 1940 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் ஏ.ஓ. நெவில். குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்த கொடுமை இந்த அதிகாரத்தில்தான் நடந்தது. 2008இல் கேட்ட மன்னிப்பு அதற்குத்தான்.

அதே சட்டத்தில் இன்னொரு விதி: பூர்வகுடிப் பெண், பூர்வகுடி அல்லாதவரை மணக்க வேண்டுமானால் தலைமைப் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். புரூம் என்ற முத்துக்குளிக்கும் ஊரில் இது என்ன ஆனது என்று பாருங்கள். கடலுக்கடியில் இறங்க ஆள் வேண்டும் என்பதால், வெள்ளையர் அல்லாதவரை உள்ளே விடாத வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையிலிருந்து அந்தத் தொழிலுக்கு மட்டும் விலக்கு. ஜப்பானியர், மலாய்க்காரர், பிலிப்பினோக்கள் ஒப்பந்தத்தில் வந்தார்கள். உள்ளூர்ப் பூர்வகுடிப் பெண்களோடு குடும்பமாக வாழ்ந்தார்கள். அனுமதி இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தால் வழக்கு. ஆண் நாடு கடத்தப்படலாம், பிள்ளை பீகிள் பே மிஷனுக்குப் போகலாம். குடும்பத்தின் ஒரு பாதியைக் குடியேற்றச் சட்டம் பிடித்தது, மறு பாதியைப் பூர்வகுடிச் சட்டம் பிடித்தது. குவீன்ஸ்லாந்தில் 1897இல் போட்ட சட்டத்தின் தலைப்பிலேயே பூர்வகுடிப் பாதுகாப்பும் ஓபியம் விற்பனைத் தடையும் சேர்ந்து இருக்கும். ஓபியம் என்று எழுதியிருந்தாலும் குறி சீனர்கள்மேல்தான்.

பாரமட்டாத் தம்பி குடியுரிமை பற்றிச் சொன்னார். 1944இல் இந்த மாநிலம் பூர்வகுடிகளுக்கென்று ஒரு குடியுரிமைச் சான்றிதழ் கொண்டுவந்தது. புகைப்படம் ஒட்டிய சிறு புத்தகம். மாஜிஸ்திரேட் முன் போய் நிற்க வேண்டும். இரண்டு வருடமாகத் தன் குலத்தாரோடு உறவை அறுத்துவிட்டேன், பெற்றவரும் பிள்ளைகளும் போல மிக நெருங்கியவர்கள் மட்டுமே விதிவிலக்கு என்று நிரூபிக்க வேண்டும். தொழுநோய் இல்லை, மேகநோய் இல்லை என்று காட்ட வேண்டும். பிறகு அதிகாரி நினைத்தால் ரத்தும் செய்யலாம். வாங்கியவர்களே அதை "நாய் லைசென்ஸ்" என்றார்கள். 1949 ஜனவரி 26 அன்று ஆஸ்திரேலியாவில் பிறந்த பூர்வகுடிகளும் தேசியச் சட்டப்படி குடிமக்கள் ஆனார்கள். இருந்தும் இந்தச் சான்றிதழ் முறை 1971 வரை இங்கே இருந்தது. பிறந்த மண்ணில் குடிமகன் என்று காட்ட அத்தை, மாமன், சித்தப்பா பிள்ளை எல்லோரையும் விட வேண்டும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உறவு என்றால் என்ன என்று தமிழருக்குச் சொல்ல வேண்டுமா?

வன்னிக்காற்று (சிட்னி):

அக்கா எழுதினதுக்குப் பிறகு எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேணும்.

நான் படகில் வந்த ஆள். அவுஸ்திரேலியா 1992இல், படகில் வந்தவரை முகாமில் அடைக்கிற கட்டாயத் தடுப்பைச் சட்டமாக்கினது. 2001இல் டம்பா கப்பல் விவகாரம் (கடலில் காப்பாற்றின அகதிகளைக் கரையிறக்க விடவில்லை), பிறகு நவுரு, மானுஸ் தீவு முகாம்கள். 2013 ஜூலை 19க்குப் பிறகு படகில் வருகிற ஒருவருக்கும் இங்கே குடியிருக்க இடமில்லை என்று அரசு அறிவித்தது. இந்த நாட்டுக்கு யார் வரலாம் என்று நாங்கள்தான் தீர்மானிப்போம் என்று 2001 தேர்தலில் பிரதமர் ஹோவர்ட் முழங்கினார். அந்த "நாங்கள்" யார் என்று கேட்கிற முழு உரிமை பூர்வகுடிகளுக்குத்தான் இருக்கிறது. அவர்கள் கேட்டும் இருக்கிறார்கள்.

2012இல் வில்லவூட் தடுப்பு முகாமில் இருந்த இரண்டு ஈழத் தமிழருக்குப் பூர்வகுடிச் செயற்பாட்டாளர்கள் தங்கள் தேசத்தின் கடவுச்சீட்டைக் கொடுக்க வந்தார்கள். விரடூரி என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த ரே ஜாக்சன் முன்னின்றார். அரசாங்கம் அந்தச் சீட்டை மதிக்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் முகாமுக்குள் அடைபட்ட எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே இருந்தவைக்கு விளங்காது. தங்களுடைய நிலத்துக்கே பட்டயம் இல்லாத சனம் எங்களுக்கு வரவேற்பு எழுதித் தந்தது.

ஆனபடியால் பாரமட்டாத் தம்பி, உம்முடைய பெயரைக் கணக்கில் எழுதச் சொல்லவில்லை. எங்கள் சங்கங்களின் மேடையில் இந்தச் சனத்துக்கு இடம் குடுத்தோமா என்றுதான் கேட்கிறேன். நாடு கடத்தப் பார்த்த பிலோவீலா ஊர் ஈழத் தமிழ்க் குடும்பத்துக்காக ஊர் ஊராக நின்ற வெள்ளைக்காரரையும் நான் மறக்கமாட்டேன், அது வேறு கதை.

சட்டநூல் (சென்னை):

வன்னிக்காற்று சொன்ன "நாங்கள் யார்" கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. அது இந்த இழைக்கு ரொம்ப நெருக்கமான வழக்கு.

முதலில் மாபோ. டோரஸ் நீரிணையில் மேர் தீவைச் சேர்ந்த எடி கொய்கி மாபோவும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், 1992 ஜூன் 3 அன்று, 1788இல் இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கற்பனை சட்டத்தில் நிற்காது என்று ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. மாபோ அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே குவீன்ஸ்லாந்து அரசு 1985இல் ஒரு சட்டம் போட்டு, அந்தத் தீவுகளில் பழைய உரிமை ஏதும் இருந்திருந்தால் அதை அழிக்கப் பார்த்தது. அந்தச் சட்டத்தை 1988இல் நீதிமன்றம் செல்லாது என்றது. எதை வைத்து? 1975இன் இனப் பாகுபாட்டுச் சட்டத்தை வைத்து. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையைப் பிரதமர் விட்லமின் அரசு 1973இல் முடித்துவைத்ததற்கு அடுத்து வந்த சட்டம் அது. நம் மாதிரி ஆட்கள் வேலையிலும் வாடகை வீட்டிலும் நம்பியிருக்கும் சட்டமும் அதுதான். அது இல்லாமல் மாபோ தீர்ப்பு வந்திருக்குமா என்பது சந்தேகம். 2007இல் வடபுல (நார்தர்ன் டெரிட்டரி) பூர்வகுடிச் சமூகங்களில் அரசு தலையிட்டபோது அதே சட்டத்தைத்தான் அவர்கள் விஷயத்தில் நிறுத்திவைத்தார்கள்.

அடுத்தது 2020 பிப்ரவரி 11, லவ், தாம்ஸ் வழக்கு. ஒருவர் பாப்புவா நியூ கினியில் பிறந்தவர், மற்றவர் நியூசிலாந்தில். இருவருக்கும் பூர்வகுடி வம்சம் உண்டு, ஆஸ்திரேலியக் குடியுரிமை இல்லை. தண்டனை பெற்றதால் விசாவை ரத்து செய்து நாடு கடத்தப் பார்த்தார்கள். பூர்வகுடி ஒருவர் இந்த நாட்டுக்கு அந்நியர் ஆக முடியாது, காகிதம் இல்லாவிட்டாலும், என்று நாலுக்கு மூன்றில் தீர்ப்பு. அந்நியர்களைப் பற்றிய அதிகாரத்தில் நிற்கும் குடியேற்றச் சட்டம் அவர்களைத் தொட முடியாது. நான் படித்த ஆஸ்திரேலியத் தீர்ப்புகளில் குடியேற்றமும் பூர்வகுடி உரிமையும் இவ்வளவு நேருக்கு நேர் மோதியது வேறில்லை. இவ்வளவு குறுகிய பெரும்பான்மையில் நிற்கிறதே என்ற பயமும் எனக்கு உண்டு.

பாரமட்டா வாசி:

நிறைய தெரியாத விஷயங்கள், நன்றி. ஆனால் 2023 அக்டோபர் 14 வாக்கெடுப்பில் பூர்வகுடிக் குரலுக்கான மன்றம் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன். இனத்தை வைத்து யாருக்கும் தனி ஏற்பாடு கூடாது என்று நினைத்தேன். 60 சதவீதம் பேர், ஆறு மாநிலங்களும் அப்படித்தான் சொன்னார்கள். எல்லோரையும் இனவெறியர் என்று சொல்லிவிட முடியாது.

காவிரிக்கரை (மெல்போர்ன்):

நான் சொல்லவும் இல்லை. ஆனால் உங்கள் வாதத்தில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. அந்த மன்றம் இனத்துக்காகக் கேட்டது அல்ல, முதலில் இருந்தவர்கள் என்பதற்காகக் கேட்டது. 2017 மே மாதம் உலுருவில் கூடி அவர்கள் கேட்டது தங்களைப் பற்றிய சட்டங்களில் ஆலோசனை சொல்லும் ஒரு மன்றம். வீட்டோ அதிகாரம்கூடக் கேட்கவில்லை. சாஸ்திரி 1922இல் இந்தியருக்குக் கேட்டது இதைவிடப் பெரியது, முழு ஓட்டு. நம் ஆட்களுக்குக் கேட்டபோது நியாயமாகப் பட்டது, அவர்கள் கேட்டபோது தனிச்சலுகையாகப் படுவது ஏன்? இதற்குப் பதில் நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம், ஆனால் இந்தக் கேள்வியை விடமாட்டேன்.

வில்லியம் கூப்பர் பற்றி யாரும் சொல்லவில்லையே. யோர்டா யோர்டா மக்களில் ஒருவர், மெல்போர்ன் ஃபுட்ஸ்கிரேயில் குடியிருந்தவர். நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் கேட்டு 1,814 பேரிடம் கையெழுத்து வாங்கினார். மன்னருக்கான மனு. அரசு அதை லண்டனுக்கு அனுப்பவே இல்லை. ஜெர்மனியில் யூதர்களைத் தாக்கிய செய்தி வந்ததும், 1938 டிசம்பர் 6 அன்று, எழுபத்தேழு வயதில், தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மெல்போர்னிலிருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு நடந்தார். கண்டனக் கடிதத்தை அவர்கள் வாங்கவில்லை. சொந்த ஊரில் உரிமை இல்லாத கிழவர், முன்பின் பார்க்காத சனத்துக்காக நடந்திருக்கிறார்.

அதே வருடம் ஜனவரி 26, சிட்னியில் 150ஆம் ஆண்டு விழா. கப்பல் வந்திறங்கியதை நடித்துக் காட்ட மேற்கே மெனின்டீயிலிருந்து பூர்வகுடி ஆண்களைக் கொண்டுவந்து ரெட்ஃபெர்ன் போலீஸ் லாயத்தில் தங்கவைத்தார்கள். துரத்தப்படுகிறவர்களாக ஓடிக் காட்டுவதுதான் அவர்களுக்குத் தந்த வேஷம். அன்று மதியம் எலிசபெத் தெருவில் ஆஸ்திரேலியன் ஹால் என்ற கட்டடத்தில் துக்க நாள் மாநாடு நடந்தது. நூறு பேர் அளவில் பின்வாசல் வழியாக உள்ளே போனார்கள். கூப்பரும் அங்கே இருந்தார்.

பாரமட்டா வாசி:

இதை நான் யோசித்துப் பார்க்க வேண்டும். சம்மதித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு உதவி. என் மனைவியின் குடியுரிமை விழா வரும் ஜனவரி 26 காலை என்று கடிதம் வந்திருக்கிறது. அவளுக்கு அந்தத் தேதியில் விருப்பமில்லை. இங்கே நடப்பதைப் படித்துக் காட்டியது என் தப்பு இல்லை, அவளே முன்பே சொன்னாள். வேறு தேதி கேட்டால் விண்ணப்பத்துக்குப் பாதகம் வருமா?

தென்கரை அம்மா (அடிலெய்டு):

ஒன்றும் வராது. 2022 டிசம்பரில் விதியை மாற்றிவிட்டார்கள். ஜனவரி 26ஐ ஒட்டி முன்னே மூன்று நாள், பின்னே மூன்று நாளுக்குள் கவுன்சில் விழா வைக்கலாம். உங்கள் கவுன்சில் அன்றைக்கேதான் வைக்கிறது என்றால், வர இயலாது, அடுத்த விழாவில் சேருங்கள் என்று கடிதத்தில் உள்ள தொடர்புக்கு எழுதிவிடுங்கள். ஒப்புதல் வந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் உறுதிமொழி எடுத்தால் போதும். உறுதிமொழி எடுத்த பிறகுதான் குடியுரிமை தொடங்கும், அதனால் அதுவரை வெளிநாட்டுப் பயணம் ஏதும் போட்டிருந்தால் பழைய பிஆர் விசாவின் பயண அனுமதி எது வரை என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.